பல்லிக்கு ஒரு குவார்ட்டர்ஸ்!

நெய்வேலிக்காரர்களைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள வீடுகள் இரண்டே வகை. ஒன்று, குவார்ட்டர்ஸ். மற்றது, 'வெளியே' இருக்கிற வீடு. அது பக்கிங்ஹாம் அரண்மனையாகவே இருந்தாலும் 'வெளியே'தான். அதனால் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு பல்லி வாங்கி, அதற்கு வீடு அமைக்கப் போகிறான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

"என்ன டைப் குவார்ட்டர்ஸ்?"

அம்மா கேட்டது வேறு. "பல்லியை எதுக்குடா காசு குடுத்து வாங்கணும்?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு டியூப் லைட்டுக்குப் பின்னால் மூன்று பேர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள். (நானும் மனைவி பேரில் அலாட் ஆன குவார்ட்டர்ஸில் இருப்பவன் என்பதால் அவர்களை ஒன்றும் சொல்வதில்லை.) அம்மா மயிலிறகு செருகிப் பார்த்தாள். முட்டை ஓட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். மூவரில் மூத்தது மயிலிறகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து 'உச்' கொட்டியது. இதே அம்மாதான் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் பயபக்தியோடு தொட்டுவிட்டு வந்தவள். கோயிலில் இருந்தால் தோஷ நிவர்த்தி, சமையல்கட்டில் இருந்தால் துடைப்பக்கட்டை!

சரி, கதைக்கு வருகிறேன். 2020 மே மாதம் அக்கா குடும்பத்தோடு நெய்வேலி வருவதாக டிக்கெட் எடுத்திருந்தாள். கொரோனா வந்து விமானத்தையெல்லாம் நிறுத்திவிட்டது. பையனுக்கு அப்போது எட்டு வயது. தாத்தா வீட்டுக்குப் போக முடியாது என்றதும் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். சமாதானத்துக்கு நாய் கேட்டான். அத்தானுக்கு நாய் முடி ஆகாது, தும்மல். கடைசியில், முடியே இல்லாத ஒரு பிராணியைத் தேடிப் பிடித்தார்கள்.

லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு ஓரம் என்று வறண்ட பாறைப் பிரதேசம்தான் இதற்குப் பூர்வீகம். ஆனால் அமெரிக்காவில் பல தலைமுறையாகப் பண்ணையில் பொரித்து விற்கிறார்கள். மஞ்சள் உடம்பில் பழுப்புப் புள்ளிகள். பையன் அதைப் பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர் 'ரவா'. முறுகலான ரவா தோசையேதான்.

வீடியோ காலில் ரவாவை முதன்முதலில் பார்த்தபோது அம்மா வாயைப் பிளந்தாள். "அடியே, இது கண்ணை மூடித் திறக்குதுடி!" நம் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு. ஆனால் பாதத்தில் ஒட்டும் தன்மை கிடையாது. சுவர் ஏறத் தெரியாது. அப்படியென்றால் தலையில் விழுந்தால் கலகம், தோளில் விழுந்தால் வெற்றி என்கிற பஞ்சாங்கப் பக்கம் இதற்குச் செல்லாது. ஏறினால்தானே விழுவதற்கு! அம்மாவுக்கு ரவா மேல் ஒரு மதிப்பு வந்தது அந்தக் கணத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

பல்லி விலை 40 டாலர். கடைக்காரர் கூடவே ஒரு 'கிட்' கட்டிக் கொடுத்திருந்தார். ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு பை நிறைய அழகான மணல், ஒரு சிவப்பு பல்பு, தொட்டிக்கு அடியில் ஒட்டுகிற ஒரு ஹீட்டர் பாய், பிளாஸ்டிக் கள்ளிச்செடி ஒன்று. பார்க்க சினிமா செட் மாதிரி ஜோராக இருந்தது. ரவாதான் ஜோராக இல்லை. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மூலையில் கண்ணாடியைப் பிறாண்டியபடியே நின்றது. இந்த இனம் கொழுப்பை வாலில் சேமித்து வைக்கும். நன்றாக இருக்கிற பல்லிக்கு வால் கொழுகொழுவென்று முள்ளங்கி மாதிரி இருக்க வேண்டும். ரவாவின் வால் முருங்கைக்காய் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"தாத்தா, ரவா செத்துடுமா?" என்று பையன் போனில் அழுதான்.

அப்பா யார் என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தில் 35 வருஷம் வேலை பார்த்தவர். சோவியத் உதவியோடு கட்டி, 1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்து, கடைசியில் 600 மெகாவாட் வரை போன நிலையம் அது. அந்த நிலையத்தை 2020 செப்டம்பரோடு மூடினார்கள். அந்த வருஷம் முழுக்கவே அப்பா துஷ்டி வீட்டில் இருப்பவர் மாதிரிதான் இருந்தார். கவனித்துக்கொள்ள ஒரு பாய்லர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, பேரன் ஒரு ஹீட்டர் பாயைக் காட்டினான்.

"தெர்மோஸ்டாட் எங்கடா?"

"அப்படின்னா?"

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இஸ்திரிப் பொட்டியிலயே இருக்கும்! உயிர் உள்ள ஜீவனுக்கு அடியில ஹீட்டரை வெச்சுட்டு, கட்டுப்பாடு இல்லாமயா விடுவாங்க? முதல்ல டெம்பரேச்சர் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு."

கொரோனா காலமாச்சே, எல்லார் வீட்டிலும் நெற்றியில் சுடும் துப்பாக்கி தெர்மாமீட்டர் இருந்தது. பையன் அதைப் பாய் இருக்கும் தரையில் வைத்து அழுத்தினான்.

"தாத்தா, அது ஹாய் சொல்லுது!"

"ஹாய் இல்லடா, ஹை! அளவைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம்! பிடுங்குடா பிளக்கை!"

மனுஷ ஜுரம் அளக்கிற கருவி 43 டிகிரிக்கு மேல் அளக்காது. அதையும் தாண்டிய சூட்டில் வயிற்றை வைத்துப் படுக்க வேண்டியிருந்தால் யார்தான் கண்ணாடியைப் பிறாண்ட மாட்டார்கள்? இன்னும் நாலு நாள் போயிருந்தால் வயிற்றுத் தோல் வெந்திருக்கும் என்று பிறகு அங்கே கால்நடை டாக்டர் சொன்னாராம்.

அன்றிலிருந்து ரவாவின் குவார்ட்டர்ஸ் புதிதாகக் கட்டப்பட்டது. டாக்டர் சொன்னது பாதி, அப்பா சொன்னது பாதி. அப்பாவுக்குப் பல்லி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சூடு பற்றித் தெரியும். டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார். பல்லிக்குத் தன் உடம்புக்குள்ளேயே சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் வயிற்றுக்குச் சூடு வேண்டும், அப்போதுதான் செரிக்கும். போதும் என்றால் நகர்ந்து போகக் குளிர்ந்த இடம் வேண்டும். ஆகவே தொட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் அது வீடு இல்லை, அடுப்பு. ஒரு கோடியில் தரை 32 டிகிரி, மறு கோடியில் 24. நடுவில் நடந்து போகப் போதுமான நீளம். சின்னத் தொட்டியில் இது நடக்காது என்பதால் மூன்றடி நீளத்துக்கு வேறு தொட்டி வாங்கினார்கள். பாய் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். அதற்கு ஒரு தெர்மோஸ்டாட்.

அடுத்தது மணல். பாலைவனத்துப் பிராணிக்கு மணல்தானே என்று நாம் நினைப்போம். பூச்சியைப் பாய்ந்து கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். குடலில் அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். "மேல் மண்ணை அள்ளாம நெய்வேலியில எந்த வேலைடா ஆரம்பிச்சிருக்கு?" என்று அப்பா உத்தரவு போட, பையன் பிளாஸ்டிக் கரண்டியால் சுரங்க வேலை செய்தான். மணல் போய், சொரசொரப்பான தரை ஓடு வந்தது. சூட்டையும் அது சீராகப் பிடித்துவைக்கும்.

ஒளிந்துகொள்ள மூன்று அறை. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம். இது அடிக்கடி சட்டை உரிக்கும். காற்றில் ஈரம் போதாவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகிக்கொண்டு, நாளடைவில் விரலே போய்விடும். சிவப்பு பல்பை டாக்டரே கழற்றச் சொல்லிவிட்டார். ராத்திரி அதற்கு இருட்டு வேண்டுமாம். பிளாஸ்டிக் கள்ளி மட்டும் அழகுக்காகத் தப்பித்தது.

சாப்பாடு உயிருள்ள சுவர்க்கோழி. அதை ஒரு பையில் போட்டு, சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிக் குலுக்கி, வெள்ளையாக வெளியே விடுவார்கள். இல்லாவிட்டால் பல்லியின் எலும்பு ரப்பராகிவிடும். "என்னடி இது, விபூதி பூசி அனுப்புறான்?" என்றாள் அம்மா. தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை ராத்திரி உள்ளே விட்டுவைக்கக் கூடாது. பசித்தால் அது பல்லியைக் கடிக்கும். எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். இன்னொரு விசேஷம், ரவா 'ரெண்டுக்கு' எப்போதும் ஒரே மூலைக்குத்தான் போகும். "இங்க ரெண்டு கால் இருக்கிறதுகளுக்கே அந்தப் புத்தி இல்லை" என்று அம்மா என்னைப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

மொத்த பில் 250 டாலர் சொச்சம். அன்றைய கணக்கில் ₹18,000-க்கு மேல். நான் பி.காம். படித்தவன், 40 டாலர் பல்லிக்கு 250 டாலர் வீடு என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். "15 வருஷம், 20 வருஷம் இருக்குமாம். தேய்மானம் போட்டுப் பாரு" என்றார் அப்பா.

"பேசாம கைப்பையில போட்டு இங்க கொண்டு வந்துடச் சொல்லு. நம்ம ஊர் வெயிலுக்கு கரண்டே வேணாம்" என்பது அம்மாவின் யோசனை. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஊர்வனவற்றை அடைத்துக்கொண்டு வந்து சென்னை ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதையைச் சொல்லி அடக்கினேன். தவிர, கத்திரி வெயிலில் நம் வீட்டுச் சுவரே தொட்டால் சுடும். இங்கே ரவாவுக்கு ஹீட்டர் அல்ல, ஏர்கூலர் வாங்க வேண்டியிருக்கும்.

அப்பா பேரனை ஒரு நோட்டுப் போட வைத்தார். ஃபஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். ஹாட் எண்டு எவ்வளவு, கோல்டு எண்டு எவ்வளவு, என்ன சாப்பிட்டது, கையெழுத்து. தினமும் போட்டோ எடுத்து அனுப்புவான். அப்பா பார்த்துவிட்டு 'நார்மல்' என்று பதில் போடுவார். ஆறு மாதம் எல்லாம் நார்மல். வால் முள்ளங்கி ஆகிவிட்டது.

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். ஆஸ்டினில் அப்போது நடுநிசி தாண்டிய நேரம். அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். 'கரண்ட் போச்சு. வெளியே பனி.'

அப்பா சிரித்தார். "அமெரிக்காவுல கரண்ட் கட்டா! அரை மணியில வந்துடும்."

வரவில்லை.

பிறகு பேப்பரில் எல்லாரும் படித்ததுதான். அந்த ஊரில் யாரும் எதிர்பார்க்காத குளிர், ஆஸ்டினில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் மேல் இறங்கியது. அரை அடி பனி. எரிவாயுக் கிணறும் குழாயும் உறைந்துபோய் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நிற்க, ஊர் முழுக்க ஹீட்டர் போட, சுமை தாங்காமல் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்டை நிறுத்தினார்கள். அங்கே 60 சைக்கிளில் ஓட வேண்டிய மின்சாரம் 59.3-க்கு இறங்கியது, அது இன்னும் சில நிமிஷம் நீடித்திருந்தால் மாநிலமே மொத்தமாக இருண்டிருக்கும். அந்த எண்ணைப் படித்த அன்று அப்பா வெகுநேரம் பேசவில்லை.

திங்கள் காலை, அங்கே வீட்டுக்குள் 14 டிகிரி. பையன் கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"தாத்தா, நேத்து ஸ்னோ வந்துச்சுன்னு ஜாலியா ரவாக்கு அஞ்சு சுவர்க்கோழி குடுத்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. வயிறு நிறைய சாப்பாடு. செரிக்கச் சூடு இல்லை. உள்ளேயே அழுகும். டாக்டருக்கு மெசேஜ் போட்டதில், பசியோடு இருந்தால் கொஞ்சம் குளிர் தாங்கும், சாப்பிட்டிருப்பதால் எப்படியாவது 25-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு எதுவும் கொடுக்காதீர்கள் என்று பதில் வந்தது.

"கரி அடுப்பை வீட்டுக்குள்ள கொண்டாறாதே. போன் சார்ஜ் போடணும்னா காரை ஷெட்ட விட்டு வெளியே எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு. புகை ஆளைக் கொன்னுடும்" என்று அப்பா முதலில் சொன்னது மனுஷர்களுக்கு. (அந்த வாரம் டெக்சாஸில் அப்படியே சிலர் செத்துப் போனார்கள். குளிரும் புகையும் மற்றதுமாக 246 பேர் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது.) பிறகுதான் பல்லி. அதிர்ஷ்டவசமாக அக்கா வீட்டு காஸ் அடுப்பு எரிந்தது. பிக்னிக் போகிற ஐஸ் பெட்டியில் வெந்நீர் பாட்டில்களைத் துண்டு சுற்றி ஓரத்தில் வைத்து, நடுவில் ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் ரவா. குளிர் காக்கத் தயாரித்த பெட்டி சூட்டையும் காக்கும். பாட்டில் மேல் நேராக வைக்காதே, நடுவில் இடம் விடு, இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து பாட்டில் மாற்று.

பகலுக்கு இது சரி. ராத்திரி?

அம்மா போனைப் பிடுங்கினாள். "கண்ணு, நீ பொறந்த பத்தாம் நாள் தானே புயல் வந்துச்சு, தெரியுமா?"

2011 டிசம்பர் 30. கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையேறிய 'தானே', நெய்வேலியின் மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஊருக்கே கரண்ட் கொடுக்கிற ஊரில் எங்கள் பிளாக்கில் அஞ்சு நாள் கரண்ட் இல்லை. ஜன்னல் கண்ணாடி போய், தரையெல்லாம் தண்ணீர். அக்காவுக்கு ஜுரம். அந்த அஞ்சு ராத்திரியும் அம்மா தூங்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மேலே பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை அப்படித்தான் வெச்சிருந்தேன். நீயும் அதை அப்படி வெச்சுக்கோ. ஆனா படுத்துடாதே, நசுங்கிடும். உக்காந்துக்கோ."

மயிலிறகு வைத்து விரட்டிய அதே அம்மா!

டப்பாவை ஒரு மஞ்சப் பையில் போட்டு (கல்யாணத் தாம்பூலப் பை, அக்காவிடம் டெக்சாஸிலும் நாலு இருந்தது), பையைக் கழுத்தில் மாட்டி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். அப்பா டூட்டி போட்டார். பையன் ஃபஸ்ட் ஷிஃப்ட், அக்கா செகண்ட் ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் அத்தான். அந்த மனுஷர் அதுநாள் வரை ரவாவைத் தொட்டதே இல்லை. வீட்டுக்குள் 8 டிகிரி, தலையில் குரங்குக் குல்லா, நெஞ்சில் மஞ்சப் பை, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் அவர் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. மூன்று ராத்திரி. நடுவில் தண்ணீரையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க போன் கிடைக்காமல் அப்பா ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா வில்லுடையான்பட்டு முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். மகளுக்காகவா, பல்லிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கரண்ட் வந்தது. உடனே பழைய சூட்டுக்கு ஏற்றாதே, மெதுவாக ஏற்று என்றார் அப்பா. பாய்லரை அப்படித்தானே ஏற்றுவார்கள். இரண்டு நாள் ரவா சூடான அறையை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் ஃபஸ்ட் ஷிஃப்ட் நோட்டில், வழக்கமான மூலையில் 'ரெண்டு' போயிருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்பினான். அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் வேறு இருக்காது.

2022 ஜூனில் ஒருவழியாக ஊருக்கு வந்தார்கள். ரவாவைப் பக்கத்து வீட்டுப் பையனிடம், ஆறு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்து விட்டுவிட்டு வந்திருந்தான். கையில் நோட்டு, பழுப்பேறி, 11 மாதம் ஒரு ஷிஃப்ட் விடாமல். அப்பா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டார். ரிட்டயர் ஆன பிறகு அவர் போட்ட முதல் டூட்டி கையெழுத்து.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையன் டியூப் லைட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறினான். பைக்குள்ளிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, எங்கள் மூவரில் மூத்தது உட்கார்ந்திருந்த சுவருக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"தாத்தா, 33!"

"எழுதிக்கோ" என்றார் அப்பா. "நைட் ஷிஃப்ட். நார்மல்."